முதல் மூன்று எழுத்து

பிறந்தபோது வைத்த பெயர் அவனுக்கும் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி மாமனார் வீடு தொடங்கி வேலை பார்க்கிற பார்சல் கம்பெனி வரைக்கும் எல்லோருக்கும் அவன் 'ஆச்சு'தான். எந்த வேலையானாலும் அது முடிவதற்குக் கொஞ்சம் முன்பே முடிந்துவிட்டதாக அறிவித்துவிடுவான். சாவி பூட்டுக்குள் போகும்போதே "பூட்டியாச்சு". குழாய்க்கு அடியில் வாளியை வைத்ததுமே "தண்ணி பிடிச்சாச்சு". வேனை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தும்போதே பார்சலைக் கொடுத்துவிட்டதாகக் கைபேசியில் தட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் பின்பக்கம் போய் அது எங்கே கிடக்கிறது என்று தேடுவான். பொய் பேசுகிற ஆள் இல்லை. எப்படியும் நடக்கப்போகிற காரியத்தைக் கொஞ்சம் முன்னால் சொன்னால் யார் குடி முழுகிவிடும் என்பது அவன் கட்சி.

முழுகியது அவன் மனைவியின் குடிதான்.

அவள் சீருடைகளில் பெயர் தைத்துக் கொடுக்கிறவள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் என்று எங்கெல்லாம் சட்டைப்பைக்கு மேலே பெயர் வேண்டுமோ அங்கிருந்தெல்லாம் வீட்டுக்கு மூட்டை வரும். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஆறு ஊசி எம்பிராய்டரி மெஷின் ஒன்று நின்றது. வாங்கும்போதே அதற்குள் ஆங்கில எழுத்து பல தினுசில் இருந்தது. பூ இருந்தது, பட்டாம்பூச்சி இருந்தது, என்னத்துக்கோ சிரிக்கிற கரடி ஒன்றும் இருந்தது. தமிழில் ஒரு எழுத்துகூட இல்லை. அவள் உட்கார்ந்து வரைந்தாள். மெஷினில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை உண்டு. அதில் விரலால் தொட்டுத் தொட்டு, இங்கே ஊசி இறங்க வேண்டும், இங்கே திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தையலாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தாள். மூட்டை வராத மத்தியானங்களில் எல்லாம் அதுதான் வேலை. 'ழ' மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க அவளைப் படுத்தி எடுத்தது. கீழே கொக்கி வளைகிற இடத்தில் நூல் குவிந்து குவிந்து முடிச்சு விழுந்தது. 'ங' வரிசையில் 'ங்' ஒன்றை மட்டும் வரைந்துவிட்டு, "மத்ததெல்லாம் யார் சட்டையில வரப் போகுது" என்று கைகழுவினாள். இப்படிச் சேர்ந்த எழுத்துகளுக்கு அந்த மெஷினைத் தவிர உலகத்தில் வேறு இருப்பிடம் கிடையாது. வரைந்து உள்ளே வைக்க வழி வைத்திருந்த கம்பெனி, அதை வெளியே எடுக்க வழி வைக்கவில்லை.

முதன்முதலில் அவள் தமிழில் தைத்துப் பார்த்தது அவனுடைய கைக்குட்டையின் மூலையில். கேலிக்காக 'ஆச்சு' என்று தைத்தாள். கோணல்மாணலாகத்தான் வந்தது. அவன் அதை இன்னமும் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். துவைத்துத் துவைத்து வெளுத்து, ஓரம் பிரிந்துபோன துணி.

ஒரு வெள்ளிக்கிழமை, மெஷின் கம்பெனி புது புரோகிராம் ஒன்று அனுப்பியிருந்தது. அவள் நூல் வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "நீ போயிட்டு வா, நான் ஏத்தி வைக்கிறேன்" என்று அவன் பெரிய மனசு பண்ணினான். பென்டிரைவைச் செருகினான். திரையில் ஒரு பட்டை நகர்ந்து நகர்ந்து கடைசி வரை நிறைந்தது. நிறைந்த பிறகு, கீழே பொடி எழுத்தில், இன்னும் சற்றுக் காத்திருக்கச் சொல்லி ஒரு வரி வந்தது. பட்டைதான் நிறைந்துவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருப்பது? "ஆச்சு" என்று ஆளில்லாத அறையிடம் சொல்லிவிட்டு சுவிட்சை அணைத்தான். மறுபடி போட்டபோது திரை கறுப்பாகவே இருந்தது. அடித்தான், தட்டினான், கெஞ்சினான். கறுப்புதான்.

கம்பெனிக்குப் போன் பண்ணினான். மறுமுனையில் இருந்த பையன் மிகவும் மரியாதையாகப் பேசினான். "கவலையே படாதீங்க சார், போர்டையே மாத்திடலாம். உள்ள நீங்க சேர்த்து வெச்சது எதுவும் இருக்காது, அவ்வளவுதான்." ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது எவ்வளவு பெரிய தப்பு என்பது, திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நூல் பையோடு அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுகிற மனைவியாக இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நூல் பையை மேசைமேல் வைத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்த நர்ஸ் கோட்டு மூட்டையைப் பிரித்தாள். முதல் கோட்டை வளையத்தில் மாட்டி, கையாலேயே பெயர் தைக்க ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிரிப்பை மட்டும் எங்கேயோ மடித்து வைத்துவிட்டாள். அவன் அடிக்கிற ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஜீவன் அவள்தான். அவள் சிரிக்காத வீடு அவனுக்குத் தாங்கவில்லை.

அவளுக்கு ஒரு தங்கை. வேறு ஊரில், லிஃப்ட்டுக்கு வேண்டிய போர்டுகள் செய்கிற தொழிற்சாலையில், செத்த போர்டுகளை எழுப்புவது அந்தக் கொழுந்தியாளின் வேலை. மனைவி தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் கொழுந்தியாளுக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். சொல்லும்போது பட்டையைப் பற்றிச் சொன்னான். பட்டைக்குக் கீழே இருந்த வரியைப் பற்றிச் சொல்லவில்லை.

"போர்டை மாத்தறேன்னு வந்தா வாசல்லயே நிறுத்திடுங்க அத்தான்" என்றாள் கொழுந்தியாள். "அக்கா எழுத்து எல்லாம் உள்ள ஒரு சின்ன சிப்புலதான் இருக்கும். மெஷினோட புரோகிராமும் அதுலதான். வீட்ல முன்பக்கம் கடை, பின்பக்கம் குடும்பம்னு இருப்பாங்களே, அந்த மாதிரி. நீங்க கெடுத்தது கடையை. குடும்பம் நல்லாத்தான் இருக்கணும்."

"அப்ப சரி பண்ணிடலாமா?"

"பண்ணலாம். முதல்ல உள்ள இருக்கறதை அப்படியே படிச்சு எடுக்கணும். அதை நான் இங்க உட்கார்ந்து ரிப்பேர் பண்ணித் தரேன். அப்புறம் திரும்ப எழுதணும். எனக்கு லீவு கிடைக்காது. சாமான் அனுப்பறேன், கை உங்களோடது."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். அவற்றின்மேல் அவனுக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சாமான் வந்தது அவனுடைய வேனிலேயே. காலையில் பார்சல்களை ஏற்றும்போது, தன் வீட்டு விலாசத்தோடு ஒரு பெட்டி இருந்தது. வழக்கம்போல வேனுக்குள் உட்கார்ந்தபடியே 'கொடுத்தாச்சு' தட்டப்போன விரல், அன்றைக்கு என்னவோ நின்றது. இறங்கிப் போய், சொந்த வீட்டின் மணியை அடித்து, மனைவியின் கையில் பெட்டியைக் கொடுத்து, "கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றான். இந்த மாதிரி ஒன்றுக்கு மற்ற நாளாக இருந்தால் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். கையெழுத்துப் போட்டாள். உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் பெட்டியைப் பிரித்தான். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. உறை கிடையாது, மூடி கிடையாது, வெறும் பச்சைப் போர்டு. ஓரத்தில் இரண்டு வரிசையாகக் கம்பி முட்கள். அதோடு நகம் அளவு மெமரி கார்டு ஒன்று, சாண் நீளத்தில் வண்ண வண்ணமாகக் கம்பிகள், துணி காயப்போடுகிற கிளிப் குட்டி போட்ட மாதிரி ஒரு கிளிப். டிவியோடும் ஒரு பழைய கீபோர்டோடும் அந்தப் போர்டை இணைத்தான். கைபேசியை நூல்கண்டுப் பெட்டிமேல் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் போட்டான். வீடியோ போட்டால் படம் உறைந்து உறைந்து நின்றது, அதனால் வெறும் குரல்தான். மனைவி சன்னலோரம் உட்கார்ந்து கோட்டில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் அத்தான். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்த வேலை முடியற வரைக்கும் 'ஆச்சு'ங்கற வார்த்தை உங்க வாயில இருந்து வரக் கூடாது."

"அப்புறம் எப்படித்தான் சொல்றது?"

"என்ன பண்ணீங்கன்னு சொல்லவே வேண்டாம். கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க. எங்க தொழிற்சாலையில புதுசா வர்றவங்களுக்கும் இதான் சட்டம்."

"ஆயிடுச்சுன்னு சொல்லலாமா?"

"அது அதோட தம்பி. அவனும் வேண்டாம்."

சொல்வது சுலபம், இருந்து பார்த்தால்தான் தெரியும். நம் பாஷையில் எந்த வேலையைத் தொட்டாலும் வாலாக இந்த 'ஆச்சு' வந்து ஒட்டிக்கொள்கிறது. "கார்டு போட்டா..." என்று தொடங்கி, விழுங்கி, "கார்டு உள்ள இருக்கு. வெளிய ஒரு ஓரம் தெரியுது" என்றான். "கரண்ட் குடுத்தா... சிவப்பு விளக்கு எரியுது. பச்சை விளக்கு கண்ணடிக்குது." டிவியில் வரிவரியாக எழுத்து ஓடியது. அமைப்புகளுக்குள் போகச் சொன்னாள். அங்கே எஸ்.பி.ஐ. என்று ஒரு வழி இருக்கும், முதலில் மூடித்தான் இருக்கும், திறந்துவிட வேண்டும் என்றாள். திறந்தான். அணைத்துப் போடச் சொன்னாள். போட்டான்.

"இந்த எஸ்.பி.ஐ.ன்னா என்னம்மா? யாருகிட்டயாவது கேட்டா சொல்றதுக்கு வேணும்ல."

"பேங்க் இல்ல அத்தான். நாலு கம்பியில பேசிக்கறது. ஒண்ணுல நீங்க கேப்பீங்க. ஒண்ணுல சிப்பு பதில் சொல்லும். ஒண்ணு தாளம் போடும், அந்தத் தாளத்துக்குத்தான் ரெண்டு பேரும் பேசணும். நாலாவது, உன்னைத்தான் கூப்பிடறேன்னு தோள்ல தட்டறது. மீதி ரெண்டு கம்பி சாப்பாடு. சாப்பாட்டுல மட்டும் பாத்துக்கங்க, அந்தப் போர்டுல ரெண்டு விதமா பரிமாறுவாங்க. நம்ம சிப்பு சின்னப் புள்ள, மூணு வோல்ட்டும் கொஞ்சமும்தான் தாங்கும். பக்கத்துலயே அஞ்சு வோல்ட் முள்ளு இருக்கும். அந்தப் பக்கம் போகவே கூடாது."

போர்டுக்குக் கரண்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கம்பியாக, எந்த நிறம் எந்த முள்ளில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினான். ஒன்றில்தான் சொந்த மூளையை உபயோகித்தான். மெஷின் அறையின் ஒரு கோடி, டிவி மறு கோடி. சாண் கம்பி எப்படி எட்டும்? வேனில் கிடந்த கம்பியைக் கொண்டுவந்து ஒட்டுப் போட்டு, ஒவ்வொன்றையும் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டான். இதைக் கொழுந்தியாளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லையே.

மெஷினைச் சுவரில் இருந்து பிடுங்கி, பின்மூடியைக் கழற்றினான். போர்டின் நடுவில், எட்டுக் காலோடு, அரிசி இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்த அளவில் அந்த சிப் இருந்தது. மனைவியின் மத்தியானங்கள் அத்தனையும் இதற்குள்ளா என்று இன்னொரு தடவை குனிந்து பார்த்தான்.

"கிளிப்போட சிவப்புக் கம்பி முதல் கால்ல வரணும்" என்றாள் கொழுந்தியாள். "சிப்பு மேல ஒரு மூலையில புள்ளி இருக்கும். அதுதான் முதல் கால்."

"புள்ளி பாத்தாச்சு. கிளிப்பும் மாட்டியா..."

"அத்தான்."

"சரி, சரி. வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது. அந்த மூலையில சிவப்புக் கம்பி இருக்கு. கரண்ட் குடுக்கவா?"

கொழுந்தியாள் குறுக்கே விழுந்து நிறுத்தினாள்.

"வெள்ளையா? கையை எடுங்க. வெள்ளை எப்படி இருக்கு, பெயிண்ட் மாதிரியா?"

"பெயிண்ட்தான்."

"புள்ளி பள்ளமா இருக்கணும் அத்தான். அச்சுல வரும்போதே விழுந்த பள்ளம். பெயிண்ட் புள்ளி யாரோ சோதிச்சுட்டு அடையாளத்துக்கு வெச்சது, அவங்க கைக்கு வந்த மூலையில வெச்சிருப்பாங்க."

அவன் குனிந்தான். விழித்துப் பார்த்தான். கறுப்பின்மேல் கறுப்பு, ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் சன்னலோரம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பொடி வேலைக்கு வைத்திருக்கிற, விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். "தள்ளுங்க" என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, சாப்பிடக் கூப்பிட்டதைத் தவிர, அவன் கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் வார்த்தை அது. விளக்கைச் சாய்த்துச் சாய்த்து, நிழல் விழுகிற மாதிரி பிடித்துப் பார்த்தாள்.

"பள்ளம் இங்க இருக்கு. இவர் மாட்டினதுக்கு நேர் எதிர் மூலையில."

"நல்லவேளை" என்றாள் தங்கை. "கரண்ட் குடுத்திருந்தா சாப்பாடு தலைகீழாப் போயிருக்கும். சிப்பு சூடாகி, அப்புறம் படிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருந்திருக்காது."

அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கிளிப்பை அவள்தான் திருப்பி மாட்டினாள். திரும்பப் போய் உட்காராமல் அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கொழுந்தியாள் அனுப்பிய வரியை ஒரு எழுத்து விடாமல் தட்டினான். சிப்பின் பெயரும் அளவும் டிவியில் வந்தன. ஆள் உள்ளே உயிரோடுதான் இருக்கிறார். படிக்கச் சொன்னாள், படித்தான். முழுசும் ஒரு கோப்பாக வந்து உட்கார்ந்தது. நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை படிங்க."

"அதான் வந்து..."

"இன்னொரு தடவை. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும்."

இரண்டாவது முறையும் படித்தான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரி கொடுத்தாள். கோப்பு ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீள எண் வரும், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ரேகை மாறிவிடும் என்றாள். வந்தது. முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் தொடக்கத்திலேயே வேறுவேறாக இருந்தன. அவன் அதைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள்.

"என்ன தெரியுது அத்தான்?"

"ரெண்டும் வேற." பிறகு, நப்பாசையில், "ஏதாவது ஒண்ணு சரியாத்தானே இருக்கும்?" என்றான்.

"எதுன்னு யார் சொல்றது? கம்பி நான் அனுப்பினதுதானே?"

ஒட்டுப் போட்ட கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கொழுந்தியாள் திட்டவில்லை. பெருமூச்சு விட்டதுதான் கேட்டது. இவ்வளவு நீளக் கம்பியில் சிப் சொல்கிற பதில் வழியிலேயே குழறிவிடும், அதைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்றாள். டிவியைச் சுவரில் இருந்து இறக்கி மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து, அவள் அனுப்பிய சாண் கம்பியையே மாட்டினார்கள். "தாளத்தையும் குறைச்சுடுங்க" என்று வேகத்தைக் குறைக்க ஒரு எண் சொன்னாள். "மெதுவாத்தான் வரும். வரட்டும். வந்ததும் கூப்பிடுங்க."

மெதுவாகத்தான் வந்தது. டிவியில் எதுவும் நகரவில்லை. நகராத திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. அறையில் அவள் ஊசி துணியில் இறங்கி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பட்டை நிறைஞ்சப்புறம் கீழ ஒரு வரி வந்துச்சு" என்றான். "காத்திருக்கச் சொல்லி. அதைப் படிச்சேன். படிச்சுட்டுத்தான் அணைச்சேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? அந்த வரி அங்க வரும்னு எனக்குத் தெரியும். உங்களையும் தெரியும்."

"மன்னிச்சுடு. நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு" என்றாள். "அந்தக் கம்பெனிப் பையன் எதுவும் இருக்காதுன்னு சொன்னான் பாருங்க, அவன் கரடி, பட்டாம்பூச்சியை நெனச்சுச் சொல்லிருப்பான். 'ழ'வை மறுபடி முதல்ல இருந்து வரையணும்னா எனக்குத் தெம்பு இல்லைங்க. அவ்வளவுதான்." குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. கோபமாகவே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

இரண்டு முறை படித்து முடித்ததும் ரேகையைப் பார்த்தார்கள். முதலில் இருந்து கடைசி வரை ஒன்றே. அவன் நம்பாமல், யாரும் சொல்லாமலே, மூன்றாவது முறையும் படிக்கப் போட்டான். அதுவும் அதேதான். மனைவி அவனை ஒரு தினுசாகத் திரும்பிப் பார்த்தாள். கோப்பை அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் அவன் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கொழுந்தியாள் கூப்பிட்டாள். அக்காவும் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள்.

"எழுத்து எல்லாம் இருக்கு" என்றாள். மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "முதல் மூணு இடம் மட்டும் காலி. புது புரோகிராம் பழசைவிடக் கொஞ்சம் பெருசு. இடம் பத்தாம பின்பக்கம் கால் நீட்டிருக்கு. அங்க இருந்த மூணு எழுத்தை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு, வேற இடத்துல வைக்கப் போற நேரத்துல அத்தான் கரண்டை எடுத்துட்டாரு. கையில இருந்தது போனது போனதுதான். அது பாதியில விட்ட கணக்கை நான் எழுதி முடிச்சுட்டேன். இதை ஏத்தினா மெஷின் எழுந்துக்கும். அக்கா, முதல்ல எந்த எழுத்தை வரைஞ்சே?"

"பாத்துக்கலாம்" என்றாள் மனைவி.

அ, ஆ, இ-யாக இருக்கும், வேறென்ன என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இந்த முறை எழுதுகிற வேலை. சிவப்புக் கம்பி பள்ளத்துப் பக்கம் இருக்கிறதா என்று அவனே பூதக்கண்ணாடியில் பார்த்தான், அவளையும் பார்க்கச் சொன்னான். வரியைத் தட்டினான். பழசை அழிப்பதாகத் திரை சொன்னது. அந்த நேரம் அந்த சிப்புக்குள் அவளுடைய ஒரு எழுத்துகூட இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு எழுதுவதாகச் சொன்னது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எழுதி முடித்ததாக ஒரு வரி வந்தது. அவன் வலது கை, யாரும் சொல்லாமல், தானாகவே பிளக்கைப் பார்த்து நகர்ந்தது. வெள்ளிக்கிழமை நகர்ந்த அதே கைதான். அவன் அதைப் பிடித்து இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான். அடுத்த வரி வந்தது. எழுதியது சரிதானா என்று திரும்பப் படித்துப் பார்ப்பதாகச் சொன்னது.

"ஆச்சாங்க?" என்று உள்ளறையில் இருந்து அவள் கேட்டாள்.

"சரி பாக்குது" என்றான் அவன். "இன்னும் பாத்துக்கிட்டே இருக்கு."

அதுவாக முடித்து, சரியாக இருக்கிறது என்று அதுவாகச் சொல்லி, அதற்கு மேலும் இரண்டு வரி எழுதி நின்ற பிறகுதான் கைகளை வெளியே எடுத்தான். இரண்டும் மரத்துப் போயிருந்தன. கிளிப்பைக் கழற்றினார்கள், மூடியைத் திருகினார்கள், மெஷினைச் சுவரில் செருகினார்கள். சுவிட்சை அவளைப் போடச் சொன்னான். அவள் போட்டாள்.

திரை வெளுத்தது. கம்பெனியின் சின்னம் வந்தது. சிரிக்கிற கரடி வந்தது. அந்தக் கரடியைப் பார்த்து ஒருவருக்குக் கண்ணில் தண்ணீர் வருமென்று யாராவது சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். அவள் விரலால் தள்ளித் தள்ளித் தன் பக்கத்துக்குப் போனாள். கட்டம் கட்டமாக எழுத்துகள், அவள் வரைந்த வரிசையிலேயே இருந்தன. 'ழ' இருந்தது, கொக்கி வளைவோடு. முதல் மூன்று கட்டம் காலியாக இருந்தது. அதற்கடுத்ததாக 'அ' இருந்தது, 'இ' இருந்தது.

"'அ' இருக்கே" என்றான் அவன். "அப்ப எதுதான் போச்சு?"

அவள் கையை நீட்டினாள். "கைக்குட்டையைக் குடுங்க."

எதற்கென்று புரியாமல் சட்டைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதை மெஷின் மேசைமேல் விரித்து, சுருக்கத்தை நீவி, மூலையை விளக்குக்கு நேரே இழுத்தாள். ஆ. ச். சு. அவன் அந்த மூன்றையும் பார்த்தான், திரையில் இருந்த மூன்று காலிக் கட்டத்தையும் பார்த்தான். காது வரை சூடேறியது. அந்த மெஷினால் இனி தமிழில் எதை வேண்டுமானாலும் தைக்க முடியும், 'ஆச்சு' ஒன்றைத் தவிர என்று பட்டது அவனுக்கு.

"அது இல்லாமலே இருந்துட்டுப் போகட்டுமே" என்றான் மெல்ல.

"'ஆ' இல்லாம ஆனந்தி கோட்டுல என்னத்தைத் தைக்கறது? 'ச்' இல்லாம பச்சையம்மாவுக்கு? 'சு' இல்லாம ஆஸ்பத்திரியில பாதிப் பேருக்குப் பேரே கிடையாது." பூதக்கண்ணாடியைக் கைக்குட்டைமேல் கொண்டுவந்தாள். "இந்த 'சு'வோட வால் பாருங்க, எப்படிக் கோணியிருக்கு. அன்னைக்கு நீங்க பின்னாடி நின்னுக்கிட்டு ஆச்சா, ஆச்சான்னு உயிரை வாங்கினீங்க. அதுல வந்த கோணல்."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆச்சா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் கைக்குட்டையைப் பார்ப்பதும் திரையைத் தொடுவதுமாக 'ஆ'வை வரைந்தாள், ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தாள், சுழியைத் திருத்தினாள், மறுபடி தைத்தாள். வெளியே தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் ஓய்ந்துகொண்டு வந்தது. அவன் எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து, ஆறுவதற்குள் குடிக்கும்படி சொல்லாமல், கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தான். 'ச்' சீக்கிரமாகவே வந்தது. 'சு'வைத் தொடங்கப்போகும்போது அவள் முதுகை நிமிர்த்திச் சோம்பல் முறித்தாள்.

"வால் வேலை இருக்கு இதுல. நாளைக்குப் பாத்துக்கறேன். இப்ப அவசரமா செஞ்சா மறுபடி கோணிக்கும்."

"நாளைக்கே பாரு" என்றான். சொன்னபோது அவன் மனசு அவசரத்தில் பறக்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கைபேசி அடித்தது. கொழுந்தியாள்தான். தொழிற்சாலையில் இருந்து வீட்டுக்குப் போகிற வழியில், காத்திருக்க முடியாமல் கூப்பிட்டிருக்கிறாள் போல. மூச்சு வாங்க, எதைத் தடை போட்டாளோ அதையே மறந்துபோய்க் கேட்டாள்.

"அத்தான், ஆச்சா?"

அவன் திரையைப் பார்த்தான். இரண்டு கட்டம் நிரம்பியிருந்தது, மூன்றாவது காலி. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொன்னான்.

"'ஆச்' வரைக்கும் வந்திருக்கும்மா. 'சு' நாளைக்கு."

பக்கத்தில் அவள், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, முதலில் சத்தமில்லாமல், பிறகு முக்காலி ஆட ஆடச் சிரித்தாள்.